தலைகீழாய்த் தொங்கிய தகடு

ஒரு வீட்டுக் கூடத்தில், கவலைப்படுவதே பிழைப்பாக இருந்த சுவர் ஒன்று நின்றது. அந்த வாரம் அதற்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது. "கூடத்தை மறிக்கிற இந்தச் சுவரை இடிச்சாத்தான் வீட்டுக்கு நிம்மதி" என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருவதாக ஏற்பாடு.

இதற்கிடையே வெள்ளிக்கிழமை, வீட்டுக்காரர் சபேசனுக்கு ஒரு பார்சல் வந்தது. யாரோ பெரிய ஓவியர் வரைந்த படம், அலுமினியத் தகட்டில் பளபளவென்று அச்சடித்தது. மேலே அப்பிய சிவப்பு, கீழே இழுத்த நீலம்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி வேதவல்லி.

"நவீன ஓவியம். புரியக்கூடாது."

"அப்ப சரி. ஞாயிறு வரைக்கும் இந்தச் சுவர்லயே தொங்கட்டும்."

சனிக்கிழமை சுவரில் கோடு போட வந்த வாஸ்துக்காரர், படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அம்மா, இந்தச் சிவப்பு கீழே அக்னி மூலைப் பக்கம் வந்துட்டா அதுவே பரிகாரம். சுவரை இடிக்க வேண்டாம். படத்தைத் தலைகீழா மாட்டுங்க."

படத்தைக் கழற்றிய சபேசன் அதன் முதுகைப் பார்த்தார். "அம்புக்குறி போட்டு 'மேல்பக்கம்'னு ஒட்டியிருக்கே."

"அது கடைக்காரனோட வாஸ்து" என்றாள் வேதவல்லி.

படம் தலைகீழானது. அதற்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் கலை. இப்படித் தொங்குவதைவிட ஆணியை விட்டுக் குதித்துவிடுவேன்" என்றது.

"குதிக்காதே தாயே" என்றது சுவர். "நீ விழுந்தால் அபசகுனம் என்பார்கள். நாளைக்கே என்னை இடித்துவிடுவார்கள்."

"தலைகீழாய் நின்றால் என்னை யார் புரிந்துகொள்வார்கள்?"

"நேராய் நின்றபோது யார் புரிந்துகொண்டார்கள்?"



ஞாயிறு காலை கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். வேலை இல்லை என்று கேட்டதும் முகம் தொங்கிப்போய்ப் படத்தைப் பார்த்தார். "அக்கா, இது தலைகீழாத் தொங்குது போல. வந்ததுக்கு இதையாவது நேராக்கிட்டுப் போறேன்" என்று தகட்டைப் பிடித்துத் தூக்கினார்.

சுவருக்கு மூச்சு நின்றது. படத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. கொஞ்சம் உடம்பைத் தளர்த்தினால் போதும். ஆனால் அது கொக்கியை ஆணியோடு இறுகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"வரமாட்டேங்குதே" என்றார் கொத்தனார்.

"விடுங்க" என்றாள் வேதவல்லி. "அதுக்கு அதுதான் நேர்."

கடப்பாரை வாசலைத் தாண்டியது. சுவர் விட்ட பெருமூச்சில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சொல்லிக்கொண்டு இனி எவராவது என் பக்கம் வரட்டும்" என்றது. "பேசிக்கொள்கிறேன்."