அறுபதுக்கு முன்னால் ஓய்வெடுத்த மூவர்

வேலைக்குப் போகாது, கூலி வாங்காது, வேளை தவறாமல் பசிக்கும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். பூனை என்பீர்கள். இல்லை. மணல்கோட்டைக் காவலர் மூவர்.

"நின்று களைத்த காவலர்கள் இப்போதே ஓய்வு பெறலாம். அறுபது வயதானதும் களஞ்சியத்தில் மாதாமாதம் நெல் கிடைக்கும்" என்று அரசர் அறிவித்தார். விருத்தன், கொண்டப்பன், மாடக்கண்ணு மூவரும் அன்றே ஈட்டியைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். மூவருக்கும் வயது நாற்பது.

வீட்டு நெல் தீர்ந்தது. விதைநெல்லும் தீர்ந்தது. விருத்தனுக்கு வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. "அறுபது வரைக்கும் எதைத் தின்னுறது?" என்று கேட்டான்.

"நம்ம வயசைக் கூட்டிக்கலாம். ரெண்டு பேர் சேர்ந்தா எண்பது. அதுவே போதும்" என்றான் கொண்டப்பன்.

"அப்போ நான் மட்டும் பட்டினியா?" என்று முறைத்தான் மாடக்கண்ணு.

நியாயந்தானே. மூவரும் ஒரே போர்வைக்குள் புகுந்து, ஒரே ஆளாகக் களஞ்சியத்துக்கு நடந்தார்கள்.

"வயது?" என்றார் களஞ்சியக்காரர்.

"நூற்றிருபதுங்க" என்றன போர்வைக்குள்ளிருந்து மூன்று குரல்கள்.

களஞ்சியக்காரர் சிரிக்கவில்லை. "நூற்றிருபது வயசு வரைக்கும் யாரப்பா இருக்கிறது? நீ செத்துப் பல காலம் ஆகியிருக்கும். செத்தவனுக்கு நெல் கிடையாது. போ."

வெளியே வந்ததும் விருத்தன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். "நாம செத்துட்டோமாடா?"

"அவர் படிச்சவர். பொய் சொல்வாரா?" என்றான் கொண்டப்பன்.

"செத்தும் பசிக்குதே."

"பசிக்காமலா அமாவாசைக்கு அமாவாசை படையல் போடுறாங்க?"

விருத்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷத்துச் சாப்பாட்டுக்கு வழி பிறந்துவிட்டதே. மாடக்கண்ணுவுக்கு மட்டும் ஒரு குறை. "மாசத்துக்கு ஒரு தடவைதானே போடுவாங்க?"

"நெல்லு மட்டும் தினமுமா தர்றதாச் சொன்னாங்க?" என்று கொண்டப்பன் கேட்டதும் அவனும் அடங்கினான்.

அமாவாசை வந்தது. மூவரும் விருத்தன் வீட்டுக் கூரைமேல் குந்தினார்கள். பக்கத்தில் ஒரு காகமும் வந்து உட்கார்ந்தது. விருத்தனின் மனைவி தாயம்மா, நெல் குத்திக் கூலியாகக் கொண்டுவந்த அரிசியை வடித்து, முன்னோருக்கான பிடி சோற்றை மகள் பவழத்தின் கையில் கொடுத்திருந்தாள்.

"அங்கே ஏறி என்ன பண்றீங்க?" என்றாள் தாயம்மா.

"நாங்க செத்துட்டோம். சோத்தை இப்படி வைக்கச் சொல்லு" என்றான் விருத்தன்.

தாயம்மா உலக்கையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"யாருக்கும்மா வைக்கணும்?" என்றாள் பவழம்.

"உனக்கு யாரு நம்ம முன்னோர்னு தோணுதோ, அவங்களுக்கு வை" என்று சொல்லிவிட்டுத் தாயம்மா வேலைக்குப் போய்விட்டாள்.

விருத்தன் கழுத்தைச் சாய்த்து, "கா" என்றான். காகமும் "கா" என்றது.

பவழம் இருவரையும் பார்த்தாள். சோற்றைக் காகத்துக்கு வைத்தாள்.