கூழைக்கடாவுக்கு மூன்று பாடத்திட்டங்கள்

ஓர் ஏரியின் நடுவே மண்திட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் தூவி என்ற கூழைக்கடா தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது.

மழைக்காலத்தில் தூவியின் கூட்டம் அந்த ஏரியில் ஒரு நாள் தங்கியது. மறுநாள் புறப்படும்போது தூவியால் எழும்ப முடியவில்லை. இடது சிறகில் அடி. "ஆறியதும் வந்து சேர்!" என்று சொல்லிவிட்டுக் கூட்டம் பறந்தது. தூவி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசிப் பறவையும் புள்ளியாகி மறைந்தது. பிறகு வானம் மட்டும் மிஞ்சியது.

சிறகு மெல்ல ஆறியது. தாழ்ந்த கிளை ஒன்றுக்கு எழும்பும் அளவு பலம் வந்தது. அதற்கு மேல் முடியவில்லை. மீனுக்குக் குறைவில்லை. பேசத்தான் யாரும் இல்லை. அந்த ஏரிப் பறவைகளின் மொழி வேறு, தூவியின் மொழி வேறு.

ஏரிக்குள்ளே பெரிய கருவேலமரம் நின்றது. பொழுது சாய்ந்தால் கொக்குகளும் நீர்க்காகங்களும் அதில் வந்து அடையும். அந்த மரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கிளையில் உட்காரும் முன் பக்கத்துப் பறவையிடம் இடம் கேட்க வேண்டும். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் உட்கார்ந்தால் கொத்தித் தள்ளிவிடுவார்கள்.

இது தெரியாமல் தூவி ஒருநாள் கிளையில் போய் உட்கார்ந்தது. நான்கு பக்கமும் கொத்து விழுந்தது. திட்டுக்குத் திரும்பிய பிறகுதான் யோசித்தது. 'உட்காரும் முன் இவர்கள் ஏதோ சொல்கிறார்கள். அதை நானும் சொல்லியிருக்க வேண்டும்.' ஆனால் கொத்துக்குப் பயந்து அது மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

கோடை வந்தது. ஏரி வற்றத் தொடங்கியது. தினமும் மாலையில் கரைக்கு ஒரு நரி வந்தது. அது தண்ணீரில் இறங்கி ஆழம் பார்க்கும். முதல் நாள் கழுத்துவரை தண்ணீர் இருந்தது. நரி திரும்பிப் போனது. பத்து நாள் கழித்து வயிறுவரை இருந்தது. நரி திரும்பிப் போனது. ஆனால் போகும் முன் திட்டை ஒருமுறை பார்த்தது.

தண்ணீர் இன்னும் வற்றுவதற்குள் மரத்தில் ஓர் இடம் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் தன் கதை முடிந்தது. தூவிக்கு இது நன்றாகப் புரிந்தது.

தூவியின் தனிமையைப் பார்த்து நாமக்கோழிக்கு மனம் இளகியது. நெற்றியில் வெள்ளை நாமம், கறுப்பு உடம்பு, மிடுக்கான நடை.

"பாவம், மொழி தெரியாமல் தவிக்கிறது! நான் கற்றுக்கொடுக்கிறேன்" என்றது நாமக்கோழி.

பகலெல்லாம் எல்லோரும் இரை தேடுவதால், பாடம் மாலையில் என்று முடிவாயிற்று. நாமக்கோழி ஈரமண்ணில் காலால் கீறி ஒரு பட்டியல் போட்டது.

"எளிது முதலில், கடினம் பிறகு! முதலில் பெயர்ச்சொல் எண்பது. அடுத்து வினைச்சொல். அதற்குப் பிறகுதான் வாக்கியம். சொல்லு, நீர்!"

"நீர்" என்றது தூவி.

"மீன்!"

"மீன்."

இருபது நாளில் எண்பது பெயர்ச்சொல்லும் தூவிக்கு மனப்பாடம். ஆனால் மரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவற்றில் இல்லை. தூவி அலகால் கருவேலமரத்தைச் சுட்டிக்காட்டி, தவிப்போடு நாமக்கோழியைப் பார்த்தது.

"மரம். அது மூன்றாம் நாளே முடிந்துவிட்டதே! கவனம் எங்கே இருக்கிறது?" என்றது நாமக்கோழி.

பொறுக்க முடியாமல் ஒருநாள் தூவி பாடம் முடிந்ததும் மரத்தடிக்கு நீந்திப் போனது. அதற்குள் பறவைகளெல்லாம் அடைந்திருந்தன. தூவி அண்ணாந்து பார்த்து, தெரிந்ததைச் சொன்னது.

"மரம்! கிளை! இறகு! நரி!"

கீழ்க்கிளையில் இருந்த இரண்டு கொக்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"என்னக்கா இது? மரத்தைப் பார்த்து மரம் என்கிறது!"

"நமக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டது போலிருக்கிறதடி. ஆமாம்மா, மரம்தான்! இது கிளைதான்! போய்த் தூங்கு!"

மரம் முழுவதும் சிரிப்பு பரவியது. தூவி திட்டுக்குத் திரும்பியது. அந்தச் சிரிப்பு ஏரிக்கு மேலே நெடுநேரம் கேட்டது.

இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு முக்குளிப்பான் வந்தது. உருண்டையான சின்ன உடம்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே முங்கும். வேறொரு பக்கம் எழுந்து மீதியைப் பேசும்.

"நாமக்கோழி வாத்தியாரே, சொல்லை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் போதுமா? எந்த இடத்தில் எதைப் பேசுவது என்று தெரிய வேண்டாமா? நான் நடத்துகிறேன்!" என்று சொல்லி முங்கியது.

முக்குளிப்பானின் பாடத்திட்டத்தில் பன்னிரண்டு இடங்கள் இருந்தன. முதல் இடம் ஆழமான நீர். இரண்டாவது, தாமரை இலைக்கு அடிப்புறம். மூன்றாவது, மதகு ஓரம். ஒவ்வோர் இடத்துக்கும் தூவியை அழைத்துப் போய் அங்கே பேசுவதைக் கற்றுக்கொடுத்தது.

"இந்த இடம் ஆழம். அந்த இடம் சேறு. இங்கே மீன் எப்படி?" என்று தூவியும் பேசப் பழகியது. பிறகு மறுபடியும் அலகால் மரத்தைச் சுட்டியது.

"மரமா? அது பன்னிரண்டாவது. அவசரம் என்ன? அங்கே யார் போகிறார்கள்? நான் போனதே இல்லை!" என்றது முக்குளிப்பான். அது பிறந்தது முதல் தண்ணீரிலேயே தூங்குகிற பறவை.

நரி வந்து ஆழம் பார்த்தது. தண்ணீர் வயிற்றுக்கும் கீழே போயிருந்தது.

மூன்றாவதாக வந்தது நீர்க்காகம். சிறகுகளை விரித்து வெயிலில் காயவைத்தபடியே பேசியது.

"சொல்லும் முக்கியமில்லை, இடமும் முக்கியமில்லை. எதற்காகப் பேசுகிறோம்? அதுதான் முக்கியம்! முதலில் வணக்கம் சொல்வது. அப்புறம் நலம் விசாரிப்பது, புகழ்வது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. இப்படிப் பதினெட்டு இருக்கிறது."

தூவிக்கு இப்போது கொஞ்சம் பேச வந்தது. "ஐயா... இடம்... கேள்... எப்படி?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டது.

"ஒன்றைக் கேட்டு வாங்குவதா? அது பதினெட்டாவது! வந்ததும் வராததுமாக ஒருவரிடம் போய் எதையாவது கேட்டால் மரியாதையாகவா இருக்கும்? முதலில் நன்றி சொல்லப் பழகு."

"நன்றி, ஐயா."

"பிரமாதம்!" என்று சொல்லிவிட்டு நீர்க்காகம் பறந்து போனது. கருவேலமரத்தின் உச்சிக்கிளையில் சொகுசாக அடைந்துகொண்டது. தூவி திட்டில் நின்று அதையே பார்த்தது. எதற்கு நன்றி சொன்னோம் என்று அதற்குத் தெரியவில்லை.

அன்று நரி ஆழம் பார்த்தபோது தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலேதான் இருந்தது. நரி திரும்பிப் போகவில்லை. கரையில் படுத்துக்கொண்டது. பிறகு வாயைத் திறந்து, அசல் கூழைக்கடா மொழியில் சொன்னது:

"பயப்படாதே. நான் இருக்கிறேன். இங்கே வா."

தூவி சட்டென்று திரும்பிப் பார்த்தது. தன் மொழியைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! அலகுக்குக் கீழே தொங்கும் பை துடித்தது.

"உனக்கு... உனக்கு எங்கள் மொழி தெரியுமா?"

"பயப்படாதே. நான் இருக்கிறேன். இங்கே வா."

"எங்கள் கூட்டத்தைப் பார்த்தாயா? எல்லோரும் நலமா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?"

"பயப்படாதே. நான் இருக்கிறேன். இங்கே வா."

தூவி தன்னையறியாமல் தண்ணீரில் இரண்டு அடி வைத்திருந்தது. அது நரி என்று தெரியாமல் இல்லை. தெரிந்தும் கால் போனது. அந்தக் குரலில் இன்னும் ஒரு சொல், ஒரே ஒரு சொல் கேட்டால் போதும் என்றிருந்தது.

"உன் பெயர் என்ன?" என்று கேட்டது.

"பயப்படாதே. நான் இருக்கிறேன். இங்கே வா."

தூவி நின்றது. பிறகு திட்டின் மேல் ஏறிக்கொண்டது. முன்பைவிட இப்போது இன்னும் தனியாக இருப்பதாக அதற்குத் தோன்றியது.

ஆனாலும் நரி போன பிறகு யோசித்தது. 'இந்த நரி எங்கள் மொழியில் எண்பது பெயர்ச்சொல் படிக்கவில்லை. பன்னிரண்டு இடம் சுற்றவில்லை. நன்றி சொல்லக்கூடத் தெரியாது. தனக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் எங்கோ கேட்டுப் படித்திருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பேச்சு. நான் எங்கே போய் அதைப் படிப்பேன்?'

மறுநாள் மாலை மூன்று வாத்தியார்களும் ஒரே நேரத்தில் திட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"என் பாடத்தில் இன்னும் வினைச்சொல் பாக்கி!" என்றது நாமக்கோழி.

"என் பாடத்தில் ஏழு இடம் பாக்கி!" என்றது முக்குளிப்பான்.

"அடிப்படையே தப்பு! முதலிலிருந்து தொடங்க வேண்டும்!" என்றது நீர்க்காகம்.

"யார் அடிப்படை தப்பு? சிறகு காயப்போடத்தான் உமக்குத் தெரியும்!"

"நீர் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டால் புலவர் ஆகிவிடுவீரா?"

"சண்டை வேண்டாம், சண்டை வேண்டாம்!" என்று முங்கிய முக்குளிப்பான், வேறொரு பக்கம் எழுந்து, "ஆனால் என் திட்டம்தான் சரி!" என்றது.

கடைசியில் ஒன்றில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள். நாமக்கோழி அறிவித்தது: "பாடத்திட்டம் முடிவாகும்வரை வகுப்பு கிடையாது!" விவாதம் நடத்த மூவரும் கோரைப் புதருக்குப் போனார்கள்.

தூவிக்கு முதல்முறையாக ஒரு மாலைப்பொழுது ஓய்வாகக் கிடைத்தது. பறவைகள் மரத்துக்குத் திரும்பும் நேரம் அது. இத்தனை நாளும் அந்த நேரத்தில் தூவி பாடத்தில் உட்கார்ந்திருந்தது.

தூவி சத்தமில்லாமல் நீந்தி, மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. காது கொடுத்தது.

ஒரு கொக்கு வந்தது. "ஓர் இறகு இடம் தருவீர்களா?" என்றது. "தந்தேன், வா" என்று பக்கத்துக் கொக்கு நகர்ந்தது.

இன்னொரு கொக்கு வந்தது. "ஓர் இறகு இடம் தருவீர்களா?"

"தந்தேன், வா."

மூன்றாவது. பத்தாவது. முப்பதாவது. எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். இறகு என்ற சொல் நாமக்கோழி சொன்னது. இடம் என்பது முக்குளிப்பான் சொன்னது. மரியாதையாகப் பேசுவது நீர்க்காகம் சொன்னது. தெரியாமல் இருந்தது தருவீர்களா என்பது மட்டும்தான்.

பின்னால் சளக்கென்று ஓசை கேட்டது. நரி தண்ணீரில் இறங்கிவிட்டது. முழங்கால்கூட நனையவில்லை. வேகமாக வந்துகொண்டிருந்தது.

தூவி சிறகை அடித்தது. இடது சிறகு வலித்தது. மீண்டும் அடித்தது. கீழ்க்கிளைக்கு நேராக எழும்பி, காற்றிலே தடுமாறியபடி கத்தியது:

"ஓர்... இறகு... இடம்... தருவா... தருவீர்களா?"

கீழ்க்கிளையில் இருந்தவை அன்று சிரித்த அதே கொக்குகள். அக்கா கொக்குதான் முதலில் பேசியது.

"ஓர் இறகா! உன் உடம்புக்கு அரை மரம் வேண்டுமே!"

"கேட்டுவிட்டதே அக்கா! தள்ளிக்கொள்ளுங்கள்!"

"தள்ளிக்கொண்டுதானடி இருக்கிறேன்! தந்தேன், வா! சீக்கிரம் வா!"

கிளை முழுவதும் ஒரு பறவை அடுத்த பறவையைத் தள்ள, தூவி தொப்பென்று உட்கார்ந்தது. கிளை வளைந்தது. ஒடியவில்லை. கீழே நரி அண்ணாந்து பார்த்தது. "பயப்படாதே" என்றது. அது கரைக்குத் திரும்பியது.

விவாதம் முடிந்து உச்சிக்கிளைக்கு வந்த நீர்க்காகம் திடுக்கிட்டது. "இது எப்படி இங்கே? இது நாம் இன்னும் நடத்தாத பாடமாயிற்றே!"

"சும்மா இருங்கள் வாத்தியாரே, அது தூங்கட்டும்" என்றது கொக்கு.

இரண்டு பக்கத்துக் கொக்குகளும் ஏதேதோ பேசிக்கொண்டன. தூவிக்குப் பாதி புரியவில்லை. ஆனால் இரண்டு தோள்களிலும் வேறு பறவைகளின் சூடு தெரிந்தது. அந்தச் சூட்டில் அது கண்ணை மூடியது.

கற்க வந்தவருக்கு எது தேவை என்று அறியாமல் போடும் பாடத்திட்டம், எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அவரைத் தனியாகத்தான் நிறுத்தும்.