சேர்மக்கனி புத்தகத்தின் முதல் பிரதி

எங்கள் தூத்துக்குடியைப் பற்றி நான் பெருமை பேசினால் சிலருக்கு வயிறு எரியும். எரியட்டும். உப்பு வாரும் பெண் ஒருத்தி புத்தகம் எழுதி, அதன் முதல் பிரதிக்கு வாசகர்கள் மல்லுக்கு நின்ற ஊர் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். அந்தக் கதையில் ஒரு முடிச்சும் இருக்கிறது. சாமர்த்தியம் உள்ளவர்கள் அவிழ்க்கலாம்.

சேர்மக்கனி இருபது வருஷமாக உப்பளத்தில் வேலை பார்ப்பவள். பார்த்ததையும் பட்டதையும் எழுதியே தீர வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். பேனா பிடித்தால் விரல் வெடிப்பு எரிகிறது என்று, வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே தட்டித் தட்டி முழுப் புத்தகத்தையும் முடித்தாள். ஒரு வரிகூடத் தாளில் எழுதவில்லை. பதிப்பாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். போங்கடா என்று மின்னூலாக வெளியிட்டாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கும் கொடுத்திருந்தாள்: "இது என்றைக்காவது தாளில் வந்தால், முதல் பிரதி முதல் வாசகருக்கு."

ஒன்றரை வருஷத்தில் புத்தகம் பேர் வாங்கிவிட்டது. கையை விரித்தவர்களில் ஒருவரே தேடி வந்து அச்சடித்தார். முதல் பிரதியை ஓர் அளத்து முதலாளி வாங்கினால் விழா களைகட்டும் என்று அவருக்கு ஆசை. சேர்மக்கனிக்கு வந்ததே கோபம்! "ஊரறியக் குடுத்த வாக்கு. அது தப்புனா நான் மேடையே ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அழைப்பிதழில் 'முதல் பிரதி பெறுபவர்' என்ற இடம் காலியாகவே அச்சானது. அச்சகத்திலிருந்து வந்த புத்தகக் கட்டையும் அவள் பிரிக்க விடவில்லை. விழாவன்று மூன்று பேர் வந்து நின்றார்கள்.

முதல் ஆள் அருள்ராஜ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மின்னூல் வந்த அன்றே வாங்கி, ஒரே மூச்சில் கைப்பேசியில் படித்து முடித்து, சேர்மக்கனிக்குச் செய்தி அனுப்பியவர். தேதியும் நேரமும் அதில் இருக்கின்றன, யாரும் மறுக்க முடியாது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே புத்தகத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோனவரும் அவர்தான். "வாசிப்புன்னா வாசிப்புதான். தாள்ல வாசிச்சாத்தான் செல்லும்னு எவன் சொன்னான்?" என்றார்.

இரண்டாவது ஆள் தமிழாசிரியர் பிச்சையா. திரையில் படிப்பதெல்லாம் படிப்பே இல்லை என்று சாதிக்கிற மனுஷர். ஒன்றரை வருஷமாக அந்தப் புத்தகத்தில் ஒரு வரி படிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். "இவங்க வாசிச்சது ஃபைலும்மா. புத்தகம் இன்னைக்குத்தான் பொறந்திருக்கு. அதோட முதல் வாசகன் நான்தான்" என்றார். சிரிக்காதீர்கள், சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

மூன்றாவது ஆள் ஜெபமணி, வேறோர் அளத்தில் உப்பு வாருபவள். உச்சி வெயிலில் உப்புப் பாத்தி வெளுத்துக் கண்ணைப் பறிக்கும்போது கைப்பேசித் திரையில் ஒன்றுமே தெரியாது. உப்புத் தண்ணீர் பட்ட விரலுக்கு அது அசைந்தும் கொடுக்காது. அதனால் ஜெபமணி வீட்டில் வைத்து மின்னூலை வரி விடாமல் ஒரு நீள நோட்டில் எழுதினாள். சாப்பாட்டு வேளையில் கூட வேலை பார்க்கும் பெண்களுக்கு உரக்க வாசித்தாள்.

குடிதண்ணீர் கேட்டு அளத்து வாசலில் நின்ற பதினோரு பெண்களின் பெயர்கள் புத்தகத்தில் உண்டு. அதை வாசித்து முடித்ததும் சுயம்புக்கனி என்பவள் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஏளா, நானுந்தான நின்னேன். எம்பேரு எங்க?" என்று கேட்டாள். சேர்மக்கனி மறந்தேபோயிருந்தாள்! ஜெபமணி அந்த இடத்திலேயே பன்னிரண்டாவது பெயரை நோட்டில் எழுதிவிட்டுத்தான் சேர்மக்கனிக்குப் போன் போட்டாள். சேர்மக்கனி அழுதுகொண்டே அன்றைக்கே மின்னூலைத் திருத்தினாள். அச்சான புத்தகத்திலும் பன்னிரண்டு பெயர்கள்தான்.

ஜெபமணி தானாக வரவில்லை. "திருத்துன புத்தகத்த முதல்ல வாசிச்சது இவதான்" என்று அந்தப் பெண்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நோட்டு அவள் கக்கத்தில் இருந்தது. சேர்மக்கனி அதைப் பற்றிக் காதால் கேட்டிருக்கிறாளே தவிர, அன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

அரங்கம் நிறைய ஜனம். மேடையில் பிரிக்காத கட்டு. ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற இருவருக்கும் கொடுத்த வாக்குப் பொய்யாகிவிடுமே என்று சேர்மக்கனி தவித்துப்போய் நின்றாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். முதலில் படித்தவரா, காத்திருந்தவரா, கையால் எழுதியவளா? முதல் பிரதி யார் கைக்குப் போவது சரி?

விடை: மூவர் கைக்கும் இல்லை. முதல் பிரதி அந்தக் கட்டுக்குள்ளேயே இல்லை. தாளில் வந்த முதல் பிரதி ஜெபமணியின் நோட்டு. முதல் வாசகர் யார் என்கிறீர்களா? ஒவ்வொரு வரியையும் தட்டத் தட்டப் படித்தவள் சேர்மக்கனிதானே! இதை அரங்கத்தில் முதலில் கண்டுபிடித்தவள் ஜெபமணி. நோட்டை நீட்டி, "அக்கா, நீயே வாங்கிக்கோ. உன் புத்தகத்த நீ இன்னும் தாள்ல தொடவே இல்லியே" என்றாள். சேர்மக்கனி இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு கட்டைப் பிரித்து மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள். ஆனால் அன்றைக்கு அவள் மேடையில் வாசித்தது நோட்டிலிருந்துதான், பன்னிரண்டு பெயர்கள். கடைசிப் பெயர் வந்ததும் பின்வரிசையில் சுயம்புக்கனி எழுந்து நின்றாள். அரங்கமே அவளோடு எழுந்து நின்றது, நானும்தான்.