குடச் சக்கரமும் பாதிச் சவரமும்

முன்னே ஒரு காலத்தில், ஆறு பள்ளத்திலும் வயல்கள் மேட்டிலுமாக ஒரு நாடு இருந்தது. அங்கே எல்லப்பன் என்ற தச்சன், ஆற்றோட்டத்தில் தானே சுழன்று குடம் குடமாகத் தண்ணீரை மேட்டில் கொட்டும் சக்கரம் ஒன்றைச் செய்துவிட்டான். விகடகவி சாத்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அரசரை இழுக்காத குறையாக அழைத்து வந்து காட்டினான்.

அளவை அமைச்சர் விருத்தகிரிக்கு வயிறு எரிந்தது.

"அரசே, பலனை அளக்காமல் அனுமதிப்பதா? ஒரு மாதம் சக்கரம் சுழலட்டும். அதுவரை நாட்டில் வேறெதுவும் மாறக்கூடாது. மாறினால் எது எதனால் விளைந்தது என்று எப்படித் தெரியும்? எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ளச் சாத்தப்பனே பொறுப்பு. தவறினால் சக்கரம் விறகாகட்டும், அவன் நாட்டை விட்டுப் போகட்டும்!"

அன்று ஏகாதசி. பட்டினி மயக்கத்தில் அரசர் தலையாட்டிவிட்டார். எல்லப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுவும் என்றால் எதுவுமேவா, அரசே?" என்றான் சாத்தப்பன்.

"எதுவுமே!" முத்திரை விழுந்தது.

விடிந்ததும் சாத்தப்பன் ஆணையோலையோடு அமைச்சர் வீட்டுக்கு ஓடினான். நாவிதர் அப்போதுதான் ஒரு கன்னத்தை மழித்திருந்தார்.

"கத்தியைக் கீழே வையுங்கள்! நேற்றிருந்த தாடி இன்றும் இருக்க வேண்டும். அரசாணை!"

அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் அரண்மனை. அரசர் விரதம் முடிக்க இலை முன் உட்கார்ந்திருந்தார். அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் மணந்தன.

"கையை எடுங்கள், அரசே! நேற்று நீங்கள் உண்ணவில்லை. இன்று உண்டால் மாற்றம்."

"ஒரு மாதமுமா?" அரசர் அலறினார்.

அதற்குள் பாதித் தாடியோடு அமைச்சர் மூச்சிரைக்க வந்து நின்றார். சாத்தப்பன் கைகூப்பினான்.

"அரசே, மேட்டில் தண்ணீர் ஏறினால் கம்பு விளைந்த இடத்தில் நெல் விளையும். நெல் வந்தால் வண்டி ஓடும், சந்தை கூடும். ஏற்றம் இறைத்தவர்களுக்கு வேலை போகும். அவர்களுக்கு நாம் வேறு வழி செய்யவேண்டும். இத்தனையையும் கட்டிப்போட்டுவிட்டு, பலனை எங்கே போய் அளப்பது?"

அரசர் அமைச்சரின் கன்னத்தைப் பார்த்தார். அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆணை ரத்து! எல்லப்பா, ஆறு நெடுகச் சக்கரம் போடு. சாத்தப்பா, இந்த முத்துமாலை உனக்கு. அமைச்சரே, கரையோரம் ஊர் ஊராக நடந்து, யாருக்கு என்ன மாறியது என்று கேட்டு வாரும்."

"சவரம், அரசே?"

"அது திரும்பி வந்த பிறகு!" என்று சொல்லி, அரசர் கீரையில் கை வைத்தார்.