தலைப்பாகையில் ஒரு சேவல் இறகு

கரும்புத் தோட்டத்தில் சிறுத்தை புகுந்து நாலு நாளாச்சு. வல்லநேரி ஜமீன்தாரோ வெள்ளைக்காரத் துரை எழுதிய கடிதத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். “என்கிட்ட ‘பனாஷ்’ இருக்காம்!” அப்படியென்றால் என்னவென்று அவருக்கே தெரியாது.

புதுச்சேரியிலிருந்து வந்த சமையல்காரர் சவரிமுத்து சிரித்துவிட்டார்.

“சிரிக்கிறியா? உச்சிப்பொழுதுக்குள்ள அந்தப் பனாஷைத் தட்டுல வெச்சு சபையில காட்டு. இல்லேன்னா மூட்டையைக் கட்டு!”

உச்சிப்பொழுதில் தட்டு வந்தது. அதில் ஒரு சேவல் இறகு.

“இதான் எசமான். பிரெஞ்சுக்காரன் தலைக்கவசத்துல சொருகுற இறகுக்குப் பேரு பனாஷ். அதை வெச்சவன் நடக்குற மிடுக்குக்கும் அப்புறம் அதே பேரு ஆச்சு. இங்கிலீஷ்காரன் அதைத்தான் எடுத்துக்கிட்டான்.”

ஜமீன்தார் பூரித்துப்போய் இறகைத் தலைப்பாகையில் சொருகிக்கொண்டார். “எதுக்குடா அதை வெப்பாங்க?”

“சண்டையில புழுதி கிளம்பும். முன்னால போறவர் யாருன்னு படைக்குத் தெரியணுமே?” சவரிமுத்து வாசலைக் காட்டினார். ஈட்டியும் கம்புமாக ஊரே நின்றிருந்தது. “இறகு நல்லாத் தெரியுது எசமான். நீங்க கரும்புக்குள்ள நடங்க, நாங்க பின்னால வர்றோம்.”

ஜமீன்தாரின் கை தானாகத் தலைப்பாகைக்குப் போனது. இறகு தட்டுக்கே திரும்பியது.

சவரிமுத்து அதை எடுத்துத் தன் முண்டாசில் சொருகிக்கொண்டு நடந்தார். ஊர் அவர் பின்னால் போனது.