பொழுது வணங்காத பூ

சூரியனுக்கே தன்மேல் பொறாமை என்று நம்பிய ஒரு ராஜா முன்னொரு காலத்தில் இருந்தான். பரிதிவளவன் என்று பெயர். சிரிக்காதீர்கள், அவன் எதிரே நின்ற யாரும் சிரித்ததில்லை.

கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் அவனிடம் ஒரு பை பூ விதை கொடுத்து, மூன்று தேசத்துக் கதை சொன்னார். ஒரு தேசத்தில், சூரியனைக் காதலித்த பெண்ணொருத்தி அவனைப் பார்த்துப் பார்த்தே இந்தப் பூவாகிப் போனாளாம். ஒரு தேசத்தில், கோயில் பெண்கள் இதைப் பொன்னில் செய்து நெஞ்சில் அணிவார்களாம். இன்னொரு தேசத்தில், இதை வளர்ப்பவருக்கு ஆயுசு நூறாம்.

"நம் ஊரில் இதற்கு என்ன பெயர் வைக்கலாம்?" என்று ராஜா கேட்டான்.

"பொழுது வணங்கி" என்றார் அமைச்சர். "பொழுது என்றால் சூரியன், சூரியன் என்றால் தாங்கள்தானே!"

அந்தச் சொல்தான் வினையாகப் போயிற்று.

நந்தவனத்தைப் பார்த்துக்கொண்டவள் சடைச்சி. அவள் விதைத்தாள், செடி மொட்டு விட்டது. காலையில் ராஜா கிழக்கு மண்டபத்தில் உட்கார்ந்தான், மொட்டுகள் கிழக்கே பார்த்தன. உச்சிப் பொழுதில் நடுமேடையில் உட்கார்ந்தான், மொட்டுகள் நிமிர்ந்தன. மாலையில் மேற்கு மண்டபத்துக்குப் போனான், மொட்டுகளும் மேற்கே திரும்பின.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என்னோடு திரும்பாத தலை இந்த நாட்டில் இருக்கக்கூடாது" என்று ஆணை போட்டான். அன்று முதல் சபை முழுவதும் அவன் போகிற பக்கமெல்லாம் திரும்பியது. அமைச்சருக்குக் கழுத்துச் சுளுக்கே வந்துவிட்டது.

சடைச்சிதான் ஒன்றைக் கவனித்தாள். நன்றாக மலர்ந்துவிட்டால் இந்தப் பூ திரும்பாது. கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். அதைக் கண்ட அன்றே உயிருக்குப் பயந்து, மலர்ந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாக விதைத்தாள். மறுபடி மலர்ந்தது, மறுபடி பிடுங்கினாள். மூன்றாம் முறை பையில் கைவிட்டவள் திடுக்கிட்டாள். ஒரு பிடி விதைதான் மிச்சம். முற்ற விடாமல் பிடுங்கினால் விதை எங்கிருந்து வரும்? அதை விதைத்தாள். இந்த முறை பிடுங்கவில்லை.

ஒரு மாலை, ராஜா மேற்கு மண்டபத்தில் உட்கார்ந்து ஏறிட்டுப் பார்த்தான். பின்தங்கி முளைத்த ஒரு செடியின் ஒரே மொட்டைத் தவிர, அத்தனை பூவும் அவனுக்கு முதுகு காட்டி நின்றன. சபை மூச்சுவிட மறந்தது.

"துரோகம்! இவள் தலையை வெட்டுங்கள்!"

காவலன் கை சடைச்சியின் கூந்தலைப் பிடித்தது. ஆனாலும் அவள் பேசினாள்.

"மகாராசா, வெட்டுறதுக்கு முந்தி அந்த மொட்டையும் ஒரு பூவையும் பிரிச்சுப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

ராஜா தன் பக்கம் திரும்பியிருந்த மொட்டைப் பிய்த்தான். உள்ளே ஒன்றுமில்லை. முதுகு காட்டிய பூவைப் பிய்த்தான். மடி நிறைய விதை கொட்டியது.

"சுத்துற வரைக்கும் அதுக்குள்ள ஒண்ணும் இருக்காது, சாமி. விதை பிடிக்கிற பூ நின்னுரும். சுத்துறதை மட்டும்தான் இத்தனை நாளா வெச்சிருந்தேன். பை காலியாயிருச்சு."

ராஜா சபையைப் பார்த்து, மறைகிற சூரியனைக் காட்டினான்.

"பொழுது விடிகிறது, பார்த்தீர்களா?"

"ஆகா, நல்ல விடியல்!" என்றார் தளபதி.

"கோழிகூடக் கூவிவிட்டதே!" என்றார் புலவர்.

"காலைப் பூஜைக்குச் சொல்லிவிடட்டுமா?" என்றார் அமைச்சர்.

ராஜாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் பயந்து சடைச்சி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீ சொல்" என்றான் அவளிடம்.

"இருட்டப் போவுது, மகாராசா. விளக்கேத்தச் சொல்லுங்க."

காவலன் கையை ராஜாவே விலக்கிவிட்டான். மடியிலிருந்த விதையை ஒன்று விடாமல் அவள் பையில் போட்டான்.

கதை கேட்டவர்களே, தன்னோடு திரும்புகிற தலைகளை மட்டுமே வைத்துக்கொள்பவனுக்கு, நாளைக்கு விதைக்க ஒன்றும் மிஞ்சாது.