கடைசியாகக் கை வைத்தவர்

வண்டிகளில் சென்சார் கோளாறு பார்ப்பதில் ஜெபராணிக்கு மார்த்தாண்டம் வட்டாரத்தில் நல்ல பேர். அவளிடம் தொழில் கற்க வந்த வேதமாணிக்கம் அவளைவிடப் பதினாலு வயது மூத்தவர். இருபது வருஷம் லாரி ஓட்டி முழங்கால் போனவர். அவளை ‘ஆசானே’ என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை ‘அண்ணே’ என்பாள்.

சித்திரை மாதம். தேனீ வளர்க்கும் லில்லி புஷ்பம், ரப்பர் தோட்டத்திலிருந்த தன் நாற்பது பெட்டிகளையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்பினாள். வெயிலுக்கு முன் ஆரல்வாய்மொழிப் பக்கம் பூத்திருக்கும் புளியந்தோப்பில் இறக்கிவிட வேண்டும். யாரோ ஓட்டி விற்ற வண்டி, வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. ஏற்றத்தில், ஒரு பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, இன்ஜின் நின்றுவிட்டது.

பெட்டிகளின் வாசல்கள் வலையால் அடைக்கப்பட்டிருந்தன. வெயில் ஏறினால் உள்ளே மெழுகு இளகித் தேனடை சரியும். தேனீக்கள் வெந்து சாகும். வாசலைத் திறந்துவிடலாம் என்றால் பத்தடியில் பேருந்துக்கு நிற்கிற கூட்டம். வேறு வண்டிக்காரர்கள் தேனீ என்றதும் போனை வைத்துவிட்டார்கள்.

வேதமாணிக்கம் வந்து ஸ்கேனரை மாட்டினார். இன்ஜின் சுழல்வதைச் சொல்லும் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்றது அது. அந்தச் சென்சாரைப் போன வாரம்தான் அவர் புதிதாக மாற்றியிருந்தார். அப்படியானால் கோளாறு வயரில்தான் என்று முடிவு செய்தார். வயரைச் சுற்றியிருந்த டேப்பை அடி அடியாகப் பிரித்தார். ரிலேயை மாற்றினார். சூடு ஆறினால் இன்ஜின் பிடித்தது. இரண்டு நிமிஷத்தில் மறுபடி நின்றது. ஒன்பதரை மணிக்கு ஆசானுக்குப் போன் செய்தார்.

லில்லி புஷ்பம் சாக்கை நனைத்து நனைத்துப் பெட்டிகள்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது பெட்டியும் ஒன்றாக இரைந்தன. பிறகு வெயில் பட்ட ஓரத்தில் இரண்டு பெட்டிகளின் இரைச்சல் குறைந்துகொண்டே போனது. வேதமாணிக்கத்துக்கே அது கேட்டது.

ஜெபராணி வந்து இறங்கியபோது மணி பத்தரை. பிரித்துப் போட்ட வயர்களை முனையிலிருந்து முனைவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். எங்கும் அறுபடவில்லை, எங்கும் உரசவில்லை. டூல் பாக்ஸைத் திறக்காமலே அவரிடம் கேட்டாள்.

“இந்த இன்ஜின்ல கடைசியா கை வச்சது யாரு?”

“நான்தான்.”

“அந்த ஆளை உங்களுக்குத் தெரியாதுன்னு வச்சுக்கிடுங்க. இப்ப எங்க பார்ப்பீங்க?”

அவர் கொதிக்கிற தார்ச்சாலையில் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்தார்.

சென்சார் அதன் குழியில் முழுதாக அமரவில்லை. ஆடுகிறதே என்று போன வாரம் அவரே அடியில் ஒரு வாஷர் வைத்திருந்தார். அது சென்சாரை உள்ளே சுழலும் பல்சக்கரத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளி நிறுத்தியிருந்தது. இன்ஜின் குளிர்ந்திருந்தவரை தகவல் எட்டியது. பாரத்தோடு ஏற்றத்தில் சூடேறியதும் எட்டவில்லை.

வாஷரை எடுத்துவிட்டுச் சென்சாரை அழுத்தி உட்கார வைத்தார். இன்ஜின் பிடித்தது. ஐந்து நிமிஷம் மூவரும் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அது நிற்கவில்லை.

வேதமாணிக்கம் லில்லி புஷ்பத்திடம் போய், தப்பு தன்னுடையது என்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். ரெண்டு பெட்டித் தேனீக் குடும்பம் போச்சு, மிச்சத்தையாவது கொண்டுபோய்ச் சேர்க்கணும் என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தாள்.

ஏற்றத்தில் வண்டி மறைகிறவரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆசானிடம் திரும்பினார்.

“போன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ரெண்டு பெட்டியும் பிழைச்சிருக்குமே, ஆசானே?”

“சென்சார் சரியா உக்காந்திருக்கான்னு போன்ல கேட்டேன். ‘நான் போட்டது’ன்னு சொன்னீங்க.”

அவர் கையிலிருந்த வாஷரைப் பார்த்தார்.

ஜெபராணி சாலையில் கிடந்த டேப்புத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

“அதை நம்பி, வழியெல்லாம் நானும் வயரைப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன், அண்ணே.”